நன்றி என்றால் போதும்

வால்தெமார் வருகிறான் என்பதை
லிஃப்ட் மணிக்கு முன்பே
அவன் குரல் சொல்லிவிடும்.
அக்குளில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே குடுவை,
வாயில் மைத்துனன் வாங்கிய பழைய ரெனோ.
கியர்பாக்ஸ் போன கதை, ஏழாவது முறை.
ஒவ்வொரு முறையும் அந்தக் கார்
இன்னும் கொஞ்சம் தொலைவில் போய் நின்றுவிடுகிறது.

கடலென்று சொல்லிக்கொள்ளும் ஆற்றைப் பார்த்தபடி
மொந்தேவிதேயோவில், நாலாம் மாடியில், எட்டுப் பேர்.
வடக்கே மேடுகளில் நிற்கும் காற்றாலைகள்
நாளைக்கு எவ்வளவு சுழலும் என்று
இன்றைக்கே சொல்லும் நிரல் எங்களுடையது.
காற்றைக்கூட முன்கூட்டிக் கணித்துவிடுகிறோம்.
வால்தெமார் எப்போது நிறுத்துவான் என்பதற்குத்தான்
தரவு போதவில்லை.

மிகாயேலா ஒரு நாள் என் மேசையில்
கட்டம் போட்ட தாள் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள்.
திங்கள் பதினொன்று. செவ்வாய் பதினேழு.
புதன், நடுவர் பெனால்டி தராத மறுநாள்,
கோடுகள் ஓரம் தாண்டிப் போயிருந்தன.
அடியில் பென்சிலில்:
"ஒரு பிழையின் வாலைப் பிடித்திருந்தேன்.
தன் நாயின் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்ல வந்தான்.
விட்டுவிட்டேன்."

நான் அணித்தலைவி. மூன்று மாதமாக.
அதற்கு முன் நானும் ஹெட்போன்காரிதான்.
இயந்திரம் தப்பு செய்தால்
எந்த வரியில் என்று சிவப்பில் காட்டும்.
மனிதனுக்கு எங்கே காட்டுவது?
பேருந்தில் ஒத்திகை பார்த்தேன்:
"வால்தெமார், நீ கொஞ்சம்…"
கொஞ்சம் என்ன?
என் நிறுத்தம் வந்துவிடும்.

மேசைகளை மாற்றிப் போட்டேன்.
நடுவில் பெரிய செடி ஒன்று வைத்தேன்.
அவன் செடியைப் பற்றிப் பேசினான்.

கடைசியில் ஒரு வியாழன், கண்ணாடி அறை.
அவன் மாத்தே ஊற்றி நீட்டினான்.
நான் தொடங்கினேன்.
உன் வேலை அருமை என்றேன். உண்மைதான்.
சல்தோ பக்கம் சென்சார்கள் செத்த இரவில்
தனியாக எல்லாவற்றையும் மீட்டானே, அதைச் சொன்னேன்.
அணி என்றால் என்ன என்று சொன்னேன்.
என் முதல் வேலை, அங்கிருந்த மேலாளர்,
அவருடைய விவாகரத்து.
விவாகரத்து எப்படி உள்ளே வந்தது
என்று எனக்கே தெரியவில்லை.
கவனம் ஒரு கண்ணாடிப் பாத்திரம் என்றேன்.
இல்லை, முட்டை என்றேன்.
வெளியே ஒரு சரக்குக் கப்பல்
சன்னலின் இடது ஓரத்தில் நுழைந்து
வலது ஓரத்தில் வெளியேறியது.
அவன் வாய் திறக்கவில்லை.
ஊற்றினான், நீட்டினான், வாங்கினான், ஊற்றினான்.

ஃபிளாஸ்க் தீர்ந்தபோது, மெதுவாக:
"நான் அதிகம் பேசுகிறேன். அதுதானே?"

நாலு சொல்.
நாற்பது நிமிடமாக நான் சுற்றி வந்த ஊர்.

ஆமாம் என்றேன்.
இனி காரணம் ஒன்று வரும்,
தனிமை, காலி வீடு, ஏதோ ஒரு துக்கம்,
முகத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டேன்.
"எனக்குப் பேசப் பிடிக்கும்" என்றான்.
அவ்வளவுதான்.

குடுவையைக் காட்டினான்.
"திருப்பித் தரும்போது நன்றி என்றால்
போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம்.
சொல்லாதவரை ஊற்றிக்கொண்டே இருப்போம் இல்லையா.
இந்த மாடியில் இத்தனை வருடமாக
ஒருவர்கூட எனக்கு நன்றி சொல்லவில்லை, நிபியா."

இப்போது மிகாயேலா
ஒரு காதை மட்டும் திறந்து
"நன்றி, வால்தெமார்" என்கிறாள்.
அவன் பாதி வாக்கியத்தில் திரும்பி நடக்கிறான்.
கார் நின்ற இடத்திலேயே நிற்கிறது.
சில நாள் மறந்துவிடுகிறான், மறுபடி சொல்ல வேண்டும்.
ஒரு நாள் அவள் சொன்ன விதம் சரியில்லை,
மதியம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

நேற்று, திங்கள்கிழமைக் கூட்டம்.
அடுத்த காலாண்டைப் பற்றி
நான் விளக்கிக்கொண்டிருந்தேன், விரிவாக,
முன்னுரைக்கு ஒரு முன்னுரையோடு.
பின்வரிசையிலிருந்து, மிக மரியாதையாக,
ஒரு குரல்:
"நன்றி, நிபியா."

இன்னும் ஆறு ஸ்லைடு இருந்தது.